இன்ஸ்டன்ஸ் ஒன்றுதான் இருக்கிறது என்பதை கம்பைலர் கணக்கில் எடுக்காது

இந்த மாதம் ரிவியூவுக்கு வந்த ஹாஸ்கல் நிரல்மொழிக் கோடில் மூன்றாவது தடவையாக அதே கோளாறு. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஒரு டைப் கிளாஸ் (டைப்புகள் தர வேண்டிய மெத்தட்களின் பட்டியல், குறிப்பிட்ட டைப்புகளுக்கு அவற்றை எழுதித் தருவதுதான் இன்ஸ்டன்ஸ்), அதற்கு இரண்டு பராமீட்டர்: பதிவுகளை வைக்கும் ஸ்டோர், அவற்றைத் தேடும் கீ. தேடும் மெத்தடில் இரண்டுமே வருகின்றன, சரி. ஆனால் எத்தனை பதிவுகள் என்று எண்ணிச் சொல்லும் மெத்தட் ஸ்டோரை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு எண்ணைத் தருகிறது, கீயின் டைப் அதன் சிக்னேச்சரில் எங்கேயும் இல்லை. எந்தக் கீ என்று தெரிய வழியில்லாததால் கம்பைலர் மறுத்தது, கூடவே, அலவ்-ஆம்பிகுவஸ்-டைப்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் அந்தச் சோதனையைத் தள்ளிவைக்கலாம் என்றும் சொன்னது. எழுதியவர் உடனே போட்டுவிட்டார். பிழை அழைக்கும் இடங்களுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். இப்போது கோடு முழுக்க டைப் அப்ளிகேஷன், அதாவது ஒவ்வொரு அழைப்பிலும் டைப்பை நாமே எழுதிக் கொடுப்பது.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றே: "இந்த ஸ்டோருக்கு ஒரே இன்ஸ்டன்ஸ்தானே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" கம்பைலர் எடுக்காது. எடுக்கவும் கூடாது. நாளைக்கு இன்னொரு மாட்யூலில் யாராவது அதே ஸ்டோருக்கு வேறு கீயோடு இன்ஸ்டன்ஸ் எழுதலாம், இன்றைய முடிவு அப்போது பொய்த்துப்போகும். அதனால் இன்ஸ்டன்ஸ்களை எண்ணிப் பார்த்து அது டைப்பை முடிவு செய்வதில்லை. இரண்டு பராமீட்டர் என்றால் இரண்டு டைப்புகளுக்கு இடையில் ஓர் உறவு, அவ்வளவே. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாகத் தெரியும் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லையே!

அப்படிச் சொல்வதற்குத்தான் ஃபங்ஷனல் டிபென்டன்சி இருக்கிறது, மார்க் ஜோன்ஸ் 2000-இலேயே முன்வைத்தது. ஹாஸ்கலின் எம்டிஎல் நூலகத்தில் மோனட்ஸ்டேட் என்ற கிளாஸைத் திறந்து பாருங்கள், மோனட் என்ற பராமீட்டரிலிருந்து ஸ்டேட் என்ற பராமீட்டருக்கு ஓர் அம்புக்குறி இருக்கும்: முதலாவது தெரிந்தால் இரண்டாவது முடிவாகிவிடும் என்று பொருள். (ஹாஸ்கல் கம்பைலரான ஜிஹெச்சியின் ஜிஹெச்சி2021 என்ற எக்ஸ்டென்ஷன் தொகுப்பு பல பராமீட்டர்களைத் தானாக அனுமதிக்கிறது, இந்த அம்பை அனுமதிப்பதில்லை, தனியாக இயக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.) கீயின் டைப்பை ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்குள்ளேயே சொல்லும் அசோசியேட்டட் டைப் பிடித்திருந்தால் அதையே வையுங்கள், பராமீட்டர் ஒன்றாகிவிடும்.

ஒரு டைப்பிலிருந்து பல டைப்புகளுக்கு மாற்றும் கிளாஸ் என்றால் அம்பு போடாதீர்கள், அது நிஜமான பல்முனை உறவு. மற்றபடி கிளாஸை எழுதும் முன் ஒவ்வொரு மெத்தடின் சிக்னேச்சரையும் தனித்தனியாகப் படித்து, எல்லாப் பராமீட்டரும் வருகிறதா என்று தயவுசெய்து பாருங்கள். வரவில்லையென்றால் அலவ்-ஆம்பிகுவஸ்-டைப்ஸைத் தேடி ஓடாதீர்கள், கிளாஸைத் திருத்துங்கள்.

அந்தக் கோடில் ஸ்டோரிலிருந்து கீக்கு அம்பைச் சேர்த்து பில்ட் செய்தோம். இரண்டு இன்ஸ்டன்ஸ்கள் மோதுகின்றன என்று கம்பைலர் நிறுத்தியது. ஒன்றில் கீ எண், இன்னொன்றில் சரம். அந்த இரண்டாவதை எந்தக் கோடு நம்பியிருக்கிறது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.