கட்டுமரம் அல்ல, வள்ளம்

கரீபியத் தீவுகளின் தைனோ, நடு அமெரிக்காவின் மாயா மக்களின் வணிகத்தை ஒப்பிடும் ஒரு மொழிபெயர்ப்பில் "இரு இனத்தாரும் கட்டுமரங்களில் பண்டம் ஏற்றிச் சென்றனர்" என்று படித்தேன். இதே பிழையைப் பார்ப்பது இது மூன்றாவது தடவை.

மூலத்தில் இருப்பது 'கனூ'. அதன் வேர் தைனோ மக்கள் பேசிய சொல். 1492க்குப் பின் ஸ்பானியத்தில் 'கனோவா' என்று ஏறி ஆங்கிலத்துக்கு வந்தது. மாயாக்கள் தங்கள் கலத்தை வேறு பெயரில் அழைத்தார்கள், அமைப்பு ஒன்றுதான்.

இலவம் போன்ற ஒரே பெருமரத்தை நெருப்பில் கருக்கி, கல்கோடரியால் செதுக்கிக் குடைந்தால் அது கனூ. கட்டுமரமோ நேரெதிர்: பல கட்டைகளைக் கயிற்றால் பிணைப்பது. அதில் குழிவே இல்லை, கடல்நீர் இடுக்கு வழியே ஏறி இறங்கும். 1502இல் ஹொண்டுராஸுக்கு அருகே குவானாகா தீவில் கொலம்பஸ் எதிர்கொண்ட வணிகக் கலம் எட்டடி அகலம். மாயா வணிகர்களுடையது என்றே பலரும் கருதுகிறார்கள். நடுவில் ஓலைக்கூரை, அதன் கீழே பெண்களும் பிள்ளைகளும். சரக்கு பருத்தித் துணி, செம்புக் கோடரி, சாக்லேட் செய்யும் கக்காவ் கொட்டை. கொட்டை கீழே சிந்தியதும் எல்லாரும் பதறிக் குனிந்து பொறுக்கினார்களாம். அவர்களுக்கு அது காசு. கட்டுமரமாக இருந்தால் பொறுக்க என்ன மிஞ்சியிருக்கும்? துணியும் நனைந்திருக்கும்.

கட்டுமரம் நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல். அதற்காக, உலகத்தில் துடுப்புப் போடும் கலத்துக்கெல்லாம் அதை ஒட்டுவது நம் சொல்லையே கெடுப்பது. 'கட்டு' என்பது கண்ணெதிரே நிற்கிறதே!

சரி, 'தோணி'? தூத்துக்குடிக்காரருக்கு அது கடலில் சரக்கேற்றிப் போகும் பெரிய கலம். 'படகு' பிழையில்லை, ஆனால் எதையும் சொல்லவில்லை. 'வள்ளம்' இருக்கிறது. பழைய பொருள் கிண்ணம். குடைந்த மரக்கலத்துக்கும் அகராதியில் அதே பெயர். குழிவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்று பலகை வள்ளமும் ஃபைபர் வள்ளமும் ஓடுவதால், ஐயம் வரும் இடத்தில் 'ஒருமர வள்ளம்' என்று எழுதலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் படத்திலாவது ஒருமுறை பார்த்துவிட்டு எழுத வேண்டும். அதே கட்டுரையில் தைனோக்கள் பருத்தி நூலில் பின்னிய 'அமாக்கா' 'தொங்கும் கட்டில்' ஆகியிருந்தது. அதில் காலும் இல்லை, சட்டமும் இல்லை. வலைத்தூளி என்றால் குழந்தைக்குக்கூடப் புரியும்.