கருமுட்டையைச் சுற்றி ஒரு வேலி: மஸ்டாங் குதிரைகளுக்குப் போடும் ஊசி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுற்றும் மஸ்டாங் எனும் காட்டுக்குதிரைகளைத் தனியார் யாரும் பிடிக்கவோ கொல்லவோ கூடாது என்று 1971ல் சட்டம் வந்தது. அதன் பிறகு வேறொரு சிக்கல் முளைத்தது. வேட்டையாடும் விலங்குகள் குறைந்துபோன நிலத்தில் ஒரு மந்தை நான்கைந்து ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். 2024ல் காட்டுக்குதிரைகளும் கழுதைகளும் சேர்த்து 73,000க்கு மேல். நிலம் தாங்கும் என்று அரசு வைத்திருக்கும் அளவோ சுமார் 25,500. மிஞ்சியவற்றை ஹெலிகாப்டரில் விரட்டிப் பட்டியில் அடைக்கிறார்கள். குடும்பமாக வாழும் விலங்கு அது. பட்டிக்குள் போனால் குடும்பம் சிதறும்.

அமெரிக்கப் பழங்குடிகளான லக்கோட்டா மக்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. 1876ல் அமெரிக்க ராணுவம் அவர்களது குதிரைகளை ஆயிரக்கணக்கில் பறித்துக்கொண்டு போனது. குதிரைக்கு அவர்கள் மொழியில் ‘ஷுங்க வக்கான்’, அதாவது புனித நாய், என்று பெயர். குதிரை வருமுன் அவர்களுக்குச் சுமை இழுத்தவை நாய்கள்தான்.

பட்டிக்கு மாற்றாக இருப்பது பிஇசட்பி என்ற கருத்தடைத் தடுப்பூசி. 1988ல் அமெரிக்காவின் கிழக்குக் கரையோர அசட்டீக் தீவின் காட்டுக்குதிரைகளிடம் இதைச் சோதித்தார்கள். பாலூட்டிகளின் கருமுட்டையைச் சுற்றி ஒரு புரத உறை உண்டு. விந்தணு முதலில் அந்த உறையில் ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே நுழைய முடியும். பன்றியின் கருமுட்டை உறையைப் பிரித்தெடுத்துக் குதிரைக்கு ஏற்றினால், உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்புரதம் தயாரிக்கும். இரண்டு உறைகளும் ஏறக்குறைய ஒரே சாயல் என்பதால், அந்த எதிர்ப்புரதம் குதிரையின் சொந்தக் கருமுட்டையையும் மூடிக்கொள்கிறது. விந்தணுவுக்கு ஒட்ட இடமில்லை. ஏற்கெனவே சினையாக இருக்கும் பெட்டைக்குப் போட்டாலும் வயிற்றிலுள்ள குட்டிக்குக் கேடில்லை.

ஒரு ஊசியில் மருந்து 100 மைக்ரோகிராம்தான். அரை மில்லி திரவம். அதோடு அரை மில்லி எண்ணெய்த் துணைமருந்தைச் சேர்க்க வேண்டும். இரண்டு கண்ணாடி ஊசிக்குழல்களை வாய்க்கு வாய் இணைத்து, கலவையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நூறு முறை தள்ளுவார்கள். வெள்ளை வெளேரென்று பாலாடை போலக் கெட்டியாக வேண்டும். கை வலிக்கிறது என்று நடுவில் நிறுத்தினால் எண்ணெய் பிரிந்துவிடும். மருந்து தசையில் தங்கி மெல்லக் கசியாமல் சீக்கிரமே கரைந்து போகும், உடலும் அதைப் பொருட்படுத்தாது.

ஊசியைத் துப்பாக்கியால் சுடுவது பின்தொடையின் தடித்த தசையில். நாற்பது மீட்டருக்குள் நெருங்காமல், காற்றடிக்கும் நாளில் முயன்றால் குறி தப்பும். ஆனால் திட்டம் கவிழ்வது பெரும்பாலும் ஊசி போடும் தேதிகள் தவறும்போதுதான். முதல் ஊசி உடலைத் தயார் செய்யும், அவ்வளவே. சில வாரங்களில் இரண்டாவது, பிறகு இனப்பெருக்கக் காலத்துக்கு முன்பாக ஆண்டுதோறும் ஒன்று. ஓராண்டு விட்டுப்போனால் மறு ஆண்டு குட்டி பிறந்துவிடலாம். இது ஹார்மோன் மருந்து அல்லாததால் பெட்டை பருவத்துக்கு வருவது நிற்காது. சினையாகாததால் மீண்டும் மீண்டும் பருவத்துக்கு வரும். ஆண்குதிரையின் தொல்லையும் அந்தப் பருவம் முழுக்கத் தொடரும்.

இடைவிடாமல் பல ஆண்டுகள் போட்டால் மலட்டுத்தன்மை நிலைத்துவிடலாம். சிறிய மந்தையில் ஒரு வம்சமே அறுந்துபோக அது போதும். ஆகவே நிறம், நெற்றிச்சுட்டி, கால்வெள்ளை பார்த்து ஒவ்வொரு பெட்டைக்கும் தனிக் குறிப்பேடு வைக்கிறார்கள். ஊசி தைத்ததும் தானே கீழே விழுந்துவிடும். அதைத் தேடி எடுத்து, மருந்து முழுதும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெட்டையின் பக்கத்தில் தேதி ஏறும்.