‘நோயாளி மறுத்துவிட்டார்’ என்ற வரிக்குப் பின்னால்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவரைக் கூடிய சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்பது எந்த வார்டிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் “நடக்கச் சொல்லப்பட்டது, நோயாளி மறுத்துவிட்டார்” என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். எழுதியவர் பொய் எழுதவில்லை. சொன்னார், அவர் மாட்டேன் என்றார், குறித்தாகிவிட்டது. அடுத்த ஷிப்டில் வருபவரும் அதையே எழுதுவார்.

இப்படியே சில நாள் போனால், வயதானவர்களுக்குத் தொடைத் தசை வலுவிழக்கத் தொடங்கிவிடும். நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். முதுகின் அடியில் தோல் சிவந்து படுக்கைப்புண்ணுக்கு வழி திறக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் ஆள் வீடு போக முடியாமல் கிடப்பார்.

செவிலிய மாணவர்களுக்கு ஹென்டர்சன் என்ற செவிலியக் கோட்பாட்டாளரை நான் சொல்லிக்கொடுப்பது இந்த இடத்தில்தான். செவிலியக் கோட்பாடு என்றாலே வகுப்பில் கொட்டாவி வரும். பெயர், ஆண்டு, அம்புக்குறி போட்ட ஒரு படம், பரீட்சை முடிந்ததும் மறதி. அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது, நாங்கள் நடத்துகிற லட்சணம் அப்படி. வர்ஜீனியா ஹென்டர்சன் 1960களில் சொன்னது உண்மையில் ரொம்ப எளிமையானது. போதிய வலுவும் மனமும் விவரமும் இருந்தால் ஒருவர் எதையெல்லாம் தானே செய்துகொள்வாரோ, அதைச் செய்ய அவருக்குத் துணை நிற்பதுதான் செவிலியரின் வேலை. அதுவும், அவர் சீக்கிரமே பிறர் உதவி தேவைப்படாத நிலைக்கு வரும்படி.

வலு, மனம், விவரம். எழ மறுப்பவரிடம் இந்த மூன்றில் எது குறைகிறது என்று பார்த்தாலே அடுத்து என்ன செய்வது என்பது தெரிந்துவிடும்.

வலு இல்லையென்றால் அதை அளந்து பார்க்கலாம். படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் எடுத்து, நிற்க வைத்து 3 நிமிடத்துக்குள் மறுபடி எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அவருக்குத் தலை சுற்றுவது நிஜம். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் போதும். வலி மாத்திரை எப்போது தரப்பட்டது என்பதையும் பாருங்கள். விழுங்கும் மாத்திரை வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். அதன் தாக்கம் தீர்ந்துபோன நேரத்தில் போய் “எழுந்து நடங்க” என்றால் யார் எழுவார்?

விவரம் இல்லாமை இன்னும் சகஜம். எழுந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பயப்படுபவர்கள் ஏராளம். இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று காட்டினாலே பாதி பயம் போய்விடும். சொல்லிவிட்டு “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். “உங்க வீட்டில் கேட்டால் என்ன சொல்வீங்க?” என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

மனம்தான் கடினமானது. பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு நடைப்பயிற்சி அற்ப விஷயமாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பம் எப்போதும் கூச்சலோடு வராது. ஆள் சத்தமில்லாமல், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்லிக்கொண்டு, சோர்ந்து கிடப்பதாகவும் வரும். முதியவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான். “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதப்பட்ட ஒருவர் அந்த நிலையில் இருந்தால், டாக்டரை அழைக்க வேண்டிய நேரம் அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது: எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. இன்னொரு செவிலியக் கோட்பாட்டாளரான டோரதியா ஓரெம் 1971இல் வெளியான தன் நூலில் செவிலியர் உதவியை மூன்று விதமாகப் பிரித்தார். முழுவதையும் நாம் செய்வது, பகிர்ந்து செய்வது, கற்றுக்கொடுத்துப் பக்கத்தில் நிற்பது. ஒரே நோயாளி ஒரே வாரத்தில் இந்த மூன்றையும் கடக்கலாம். கவனிப்பு மட்டும் முதல் நாள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பக்கவாதத்தில் இடதுபக்கம் தளர்ந்தவருக்கு வலது கை நன்றாகவே இருக்கும், ஆனால் குடும்பத்தார் அன்பு மிகுதியில் ஊட்டிக்கொண்டே இருப்பார்கள். (விழுங்கும் திறனைப் பரிசோதித்து அனுமதி கிடைக்கும் வரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, அது வேறு கதை.) உறவினர்கள் செவிலியரிடம் தயங்காமல் கேட்கலாம்: இன்று இவர் தானே என்னென்ன செய்யலாம், எதற்கு மட்டும் நாங்கள் கை கொடுக்க வேண்டும்?

செவிலியர்களும் ஊட்டிவிடுகிறோம், ஆனால் காரணம் வேறு. அவர் தானே சாப்பிட்டு முடிக்க அரை மணி ஆகும், நாம் ஊட்டினால் பத்து நிமிடம். கையில் நோயாளிகள் கூடக்கூட இந்தக் கணக்குதான் ஜெயிக்கும். இதைத் தனிப்பட்ட செவிலியரின் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் உயர்ந்த இடங்களில் அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. இதை வைத்துக் காரணத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது, உண்மைதான். ஆனால் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுத் தரத்தைப் பற்றிக் கூட்டம் போடும் நிர்வாகங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

படிப்பு என்றால் வெறும் சான்றிதழும் இல்லை. செவிலியக் கோட்பாட்டாளர் பாட்ரிசியா பென்னர் 1984இல் செவிலியர் திறமை வளர்வதை ஐந்து படிகளாக விவரித்தார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார், தேர்ந்தவருக்கு மொத்த நிலைமையும் ஒரே பார்வையில் பிடிபடும். பல வருட அனுபவசாலியும் பழக்கமில்லாத பிரிவுக்கு மாற்றப்பட்டால் மறுபடி புதியவர்தான். அவரையும் முதல் நாளே தனியாக டியூட்டியில் நிறுத்தக் கூடாது.

மாணவர்கள் எழுதும் பராமரிப்புத் திட்டங்களில் பாதி, முந்தைய பேட்ச் எழுதியதன் நகல். பெயரை மாற்றினால் வேறு நோயாளிக்கும் பொருந்தும். அதனால் இப்போது நான் கோட்பாட்டின் வரையறையைக் கேட்பதில்லை. ஒரு நோயாளியிடம் அனுப்பி, அவருக்குக் குறைவது வலுவா, மனமா, விவரமா என்று கேட்கிறேன். என்ன பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதற்குத்தான் மார்க்.