துடிப்பு தப்பும் இதயத்தில் வலிப்பு மருந்துக்கு என்ன வேலை?

ஓவபெய்ன், கிழக்கு ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பில் தடவிய நஞ்சு. மயக்கமூட்டிய கினிப்பன்றியின் ரத்தக்குழாயில் அதை மெல்ல ஏற்றினால், இசிஜி கோடு கொஞ்ச நேரம் ஒழுங்காகவே ஓடும். அப்புறம் முறைக்கு முந்திக்கொண்டு அகலமான துடிப்பு ஒன்று வரும். பிறகு அடுத்தடுத்து வரும். கீழறை வெறுமனே நடுங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும்.

இதயச் செல்லின் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். 1957இல் இதைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓவபெய்ன் அடைப்பது இந்தப் பம்பைத்தான். சோடியம் உள்ளே தேங்குகிறது. உள்ளே பாயும் சோடியத்தின் வேகத்தில் கால்சியத்தை வெளியேற்றும் இன்னொரு புரதம் இருக்கிறது; அதன் வேலை மந்தமாகிறது. கால்சியம் கொஞ்சம் கூடினால் இதயம் பலமாகச் சுருங்கும். ஓவபெய்னின் குடும்பத்தைச் சேர்ந்த டிஜாக்சின் இதய மருந்தாவது இதனால்தான். மிஞ்சினால், செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கு இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தானாகவே கொட்டிவிடும். கொட்டியதை வெளியேற்றும்போது ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியம் உள்ளே வருவதால் சிறு மின்னழுத்தம் எழுகிறது. அது வரம்பைத் தாண்டினால், வேளை தவறிய துடிப்பு.

1938 முதல் வலிப்புக்குக் கொடுத்துவரும் ஃபெனிட்டோயின் இங்கே உதவுகிறது. அது பம்பைச் சரிசெய்வதில்லை. சோடியம் நுழையும் வாய்க்கால்களை அடக்குகிறது. அதனால் தேக்கம் குறைகிறது. அந்தச் சிறு மின்னழுத்தமும் துடிப்பாக மாறச் சிரமப்படுகிறது. டிஜாக்சின் ஏற்கெனவே மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்சாரத்தைத் தாமதப்படுத்தும். ஃபெனிட்டோயின் அந்தத் தாமதத்தை அவ்வளவாகக் கூட்டாது என்பதைத்தான் நான் பெரிய வசதியாகப் பார்க்கிறேன்.

ஒரு மருந்து இந்த நஞ்சிலிருந்து காக்கிறதா என்று அறிய, கினிப்பன்றியில் முதல் கூடுதல் துடிப்புக்கும் நடுக்கத்துக்கும் இதயம் நிற்பதற்கும் எவ்வளவு ஓவபெய்ன் தேவைப்பட்டது என்று குறிப்பார்கள். மருந்து கொடுத்த விலங்குக்குக் கூடுதல் ஓவபெய்ன் தேவைப்பட்டால் அது காக்கிறது. சாதாரண எலி இதற்கு உதவாது. அதன் இதயப் பம்பு ஓவபெய்னுக்கு எளிதில் மசியாது.

கூடுதல் துடிப்பு அடங்கியதை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. துடிப்பை ஒழுங்காக்கும் மருந்துகளான என்கைனைடும் ஃபிளெக்கைனைடும், மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் கூடுதல் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் மரணங்கள் கூடியதால் 1989இல் அந்த ஆய்வில் அவற்றைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதனால் இதயம் நிற்கும் அளவையே நான் முதலில் பார்ப்பேன்.

டிஜாக்சின் நஞ்சேறினால் இன்று முதல் தேர்வு, செம்மறியாட்டின் உடலில் உருவாக்கிய எதிர்ப்பொருள் துண்டு. அது நஞ்சையே பிடித்துக் கட்டிவிடும். அதே குடும்பத்து நஞ்சுள்ள மஞ்சள் அரளிக்கும் அது பலன் தருவதை இலங்கையில் நடந்த ஆய்வு காட்டியது.