எட்டுக்கு எட்டு வாங்கியது கட்டி, உங்கள் மகள் அல்ல

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, கூடவே மகள். மஞ்சப்பையிலிருந்து அம்மா எடுத்து நீட்டிய, தன் மார்பகப் புற்றுக் கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈஆர் 8/8’ என்ற வரியை யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

“எட்டுக்கு எட்டுன்னா மகளுக்கும் கட்டாயம் வருமாம்ல டாக்டரம்மா? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுபோகும்.”

மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது ஃபைல்.

எத்தனை தடவைதான் சொல்வது? ஈஆர், பிஆர் எல்லாம் கட்டியின் குணம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தக் கட்டியின் செல்களில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. பார்ப்பதும் கட்டித் துண்டில்தான். உங்கள் ரத்தத்தில் அல்ல, பெற்ற பிள்ளையிடமும் அல்ல. சொல்லப்போனால் 8/8 நல்ல மார்க். தமாக்சிஃபென் போன்ற மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய கட்டி என்று அர்த்தம். அதற்குப் போய் அழுகிறார்கள்.

பரம்பரை வேறு கணக்கு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான ஈஎஸ்ஆர்1 மரபணு 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் அருகே டிஎன்ஏவில் பிறவியிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தால் மார்பகப் புற்று வரும் ஆபத்து சற்றுக் கூடும் என்று 2009இல் சீனப் பெண்களிடம் நடந்த ஆய்வில் தெரிந்தது. சற்றுத்தான். அதை மட்டும் வைத்து யாருக்கும் ஜாதகம் கணிக்க முடியாது. எச்சிலை அனுப்பி வாங்கிய ஆன்லைன் மரபணு ரிப்போர்ட்டைத் தயவுசெய்து என்னிடம் நீட்டாதீர்கள்.

கவனிக்க வேண்டியது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மாதிரியான மரபணுக்களில் பிறவியிலேயே இருக்கும் பழுதுகளை. மார்பகப் புற்றில் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படி வருவது. ஆனால் அப்பா வழியாகவும் இறங்கும்; பழுது உள்ளவர் ஆணோ பெண்ணோ, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 45 வயதுக்குள் மார்பகப் புற்று, எந்த வயதிலும் சினைப்பைப் புற்று, ஆண்களுக்கு மார்பகப் புற்று: இரண்டு பக்கச் சொந்தத்திலும் விசாரித்துவிட்டு வாருங்கள். வலிக்கவில்லை என்று கட்டியை விட்டுவைக்காதீர்கள். மரபணு ஆலோசனை இல்லாமல் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

இந்த வீட்டிலும் மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் வந்தது: அப்பாவின் தங்கைக்கு 38 வயதில் சினைப்பைப் புற்று. “அது அவுக வழிதான, நமக்கென்ன?” என்கிறார் அம்மா.

அப்பா வழியில் பழுது இருக்கிறதா என்று தெரிய, முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்த அந்த அத்தையைத்தான். திருமங்கலத்தில் நன்றாக இருக்கிறாராம். இடத் தகராறில் பத்து வருஷமாகப் போக்குவரத்து இல்லை. கல்யாணப் பத்திரிகையைச் சாக்காக வைத்தாவது போய்ப் பேசுங்கள் தாயி என்று அனுப்பியிருக்கிறேன்.