டிம்மரைக் குறைத்தால் எல்இடி ஏன் துடிக்கிறது?

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் புதிதாக எழும் வீடுகளில் ஃபால்ஸ் சீலிங்கும், அதில் பதித்த எல்இடி விளக்குகளும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் இப்போது வழக்கமாகிவிட்டன. டிம்மரைக் குறைத்து வைத்தால் விளக்கு துடிக்கிறது என்பது இவ்வீடுகளில் அடிக்கடி எழும் குறை. உடனே பல்பை மாற்றுகிறார்கள். புதிய பல்பும் துடிக்கிறது. பல்பும் டிம்மரும் தனித்தனியே நல்ல நிலையில் இருந்தாலும், ஒன்றுக்கொன்று பொருந்தாததால்தான் பெரும்பாலும் இந்தத் துடிப்பு உண்டாகிறது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொண்டது. அதன் மின்னழுத்தம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்கிறது. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைப் போலச் சூட்டைத் தன்னுள் வைத்திருப்பதால், இந்த இடைவெளிகள் வெளிச்சத்தில் தெரிவதில்லை. எல்இடிக்கு அத்தகைய சேமிப்பு கிடையாது. மின்னோட்டம் நின்ற கணமே ஒளியும் நின்றுவிடும். அதனால்தான் எல்இடி பல்புகளில், பெரும்பாலும் கழுத்துப் பகுதிக்குள், டிரைவர் எனப்படும் சிறு மின்சுற்று இருக்கிறது. அது மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கி, மின்தேக்கியில் சேமித்து, எல்இடிக்குச் சீராக வழங்குகிறது.

டிம்மரோ குண்டு பல்பின் காலத்தில் வடிவமைக்கப்பட்டது. கடைகளில் இன்றும் அதிகம் விற்கும் வகையில் டிரையாக் என்ற குறைக்கடத்திச் சாவி இருக்கிறது. மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தாண்டியதும் அது சிறிது நேரம் காத்திருந்து, பிறகு மின்னோட்டத்துக்கு வழி திறந்து, மின்னோட்டம் மீண்டும் பூஜ்யத்தை நெருங்கும்வரை திறந்தே இருக்கும். குமிழைத் திருப்பும்போது நாம் மாற்றுவது அந்தக் காத்திருப்பு நேரத்தைத்தான். ஒவ்வோர் அரை அலைக்கும் (ஒரு பூஜ்யத்திலிருந்து அடுத்த பூஜ்யம் வரை) உரிய 10 மில்லிநொடியில் எவ்வளவு கழிகிறதோ, அவ்வளவு வெளிச்சம் குறைகிறது.

டிரையாக் திறந்தபடி நிற்க வேண்டுமானால், ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது சில மில்லிஆம்பியரிலிருந்து சில பத்து மில்லிஆம்பியர் வரை இருக்கலாம். 60 வாட் குண்டு பல்பு சுமார் 260 மில்லிஆம்பியர் எடுத்ததால் அங்கே இது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. 7 வாட் எல்இடி முழு வெளிச்சத்திலேயே சராசரியாக 30 மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கிறது. குறைத்து வைத்தால் அதற்கும் கீழே போகிறது. போதாக்குறைக்கு, டிரையாக் திடீரெனத் திறக்கும்போது டிரைவரின் வடிகட்டிச் சுற்றில் மின்னோட்டம் ஏறி இறங்கி அலைகிறது. அந்த அலைவின் பள்ளத்தில் டிரையாக் அரை அலையின் நடுவிலேயே மூடிக்கொள்ளக்கூடும். ஒரு முறை மூடி, மறுமுறை மூடாமல், ஒழுங்கில்லாமல் நடக்கும்போதுதான் நம் கண் விழித்துக்கொள்கிறது. நொடிக்கு 100 முறை சீராக நிகழும் மாற்றம் கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. நொடிக்குப் பத்து முறை அளவில் நிகழும் மாற்றமோ மிகக் கூர்மையாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. டிம்மருக்கு ஏற்ற எல்இடி பல்பு தனக்கு வரும் மின்சாரத்தை வெறும் ஆற்றலாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. அலையில் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதை அளந்து, அதையே கட்டளையாகக் கொண்டு வெளிச்சத்தைக் குறைக்கிறது. ஆற்றலும் கட்டளையும் ஒரே கம்பியில் வருவதால், அலையில் ஏற்படும் எந்தக் குலைவையும் அது கட்டளையாகப் படித்துவிடும். தெருமுனை வெல்டிங் பட்டறை வேலை தொடங்கியதும், பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டார் ஓடத் தொடங்கியதும், டிம்மர் இல்லாத விளக்குகள் அமைதியாக இருக்க, டிம்மரில் உள்ளவை மட்டும் துடிப்பதற்கு இதுவே காரணம். மின்வெட்டின்போது மட்டும் துடித்தால் இன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரின் அலை வடிவம் டிம்மர் எதிர்பார்க்கும் சைன் அலையிலிருந்து வெகுவாக வேறுபட்டது.

சாதாரண எல்இடி பல்புக்கு இந்தப் படிக்கும் திறன் கிடையாது. மின்சாரம் குறைந்தாலும் அதன் டிரைவர் பழைய வெளிச்சத்தையே காப்பாற்ற முயன்று, முடியாத நிலையில் நின்றுபோய், மீண்டும் தொடங்கி, மீண்டும் நின்றுபோகும். ஆகவே டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிடாத பல்பை டிம்மரில் போடக் கூடாது. ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடியை இணைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

எங்கே பிழை என்று கண்டறிய எளிய சோதனை உண்டு. அந்த டிம்மரில் ஹோல்டர் விளக்கு ஏதேனும் இருந்தால், அதில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள். மற்ற எல்இடிகளின் துடிப்பு அடங்கிவிட்டால், டிம்மருக்குச் சுமை போதவில்லை என்று பொருள். அலையின் தொடக்கத்தை விட்டு முடிவை வெட்டும் டிரெய்லிங் எட்ஜ் டிம்மரை வாங்குவதே அதற்குச் சிறந்த தீர்வு. அதில் டிரையாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர் இருப்பதால், மின்னோட்டம் பூஜ்யத்திலிருந்து மென்மையாக ஏறுகிறது. குமிழின் அடிமட்டத்தில் மட்டும் துடித்தால், சில டிம்மர்களில் குறைந்தபட்ச வெளிச்சத்தைச் சற்று உயர்த்தி வைக்க ஒரு சிறு திருகு இருக்கும். எம்சிபியை (மின்பலகையில் உள்ள மின்துண்டிப்பானை) அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதைத் திருப்பினாலே போதும். ஒரே டிம்மரில் வெவ்வேறு நிறுவனப் பல்புகளைக் கலக்காதிருப்பதும் நல்லது.

நன்றாக எரிந்துவந்த பல்பு ஓரிரு கோடைகளுக்குப் பிறகு துடிக்கத் தொடங்கினால், வெப்பத்தை நினைக்க வேண்டும். டிரைவரில் உள்ள எலக்ட்ரோலிடிக் மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது ஏறத்தாழப் பாதியாகிறது. வேலூர் கோடை வெயிலில் காயும் கான்கிரீட் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே தேங்கும் காற்றில்தான் அந்த மின்தேக்கி மாதக்கணக்கில் கிடக்கிறது. அது வற்றும்போது நொடிக்கு 100 முறை வரும் ஏற்ற இறக்கம் பெரிதாகும். செல்போன் கேமராவை விளக்கை நோக்கிப் பிடித்தால் திரையில் கரும்பட்டைகள் ஓடுவதைக் காணலாம்.

அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக ஒளிர்வதும், சில நொடிக்கொரு முறை மின்னுவதும் வேறு வகை. சுவிட்சில் உள்ள சிறு இண்டிகேட்டர் வழியாகவோ, சுவிட்ச் ஃபேஸில் அல்லாமல் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருப்பதாலோ கசியும் மிகச் சிறு மின்னோட்டம் மின்தேக்கியை மெல்ல நிரப்பி, நிரம்பியதும் ஒளியாக வெளியேறுகிறது. இரண்டாவது காரணம் ஆபத்தானது. சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும்.

எல்லாவற்றினும் அவசரமானது, டிம்மர் இல்லாத விளக்குகளும் சேர்ந்து மாறுவது. குறிப்பாகச் சில அறைகளில் வெளிச்சம் கூடி, சில அறைகளில் மங்குவது. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் தளர்ந்திருந்தால், சுமை குறைவான ஃபேஸில் மின்னழுத்தம் 230 வோல்ட்டைக் கடந்து 400 வோல்ட்டை நோக்கி ஏறலாம். ஃபிரிட்ஜும் டிவியும் கருகிப்போகும், இணைப்பு முனை சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். அப்போது டிம்மரையோ பல்பையோ ஆராயாமல் மெயினை அணைத்துவிட்டு, மின்வாரிய அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் மீட்டர் முதல் கம்பம் வரை நியூட்ரல் இணைப்பைச் சரிபார்த்த பிறகே மீண்டும் மெயினைப் போட வேண்டும்.