பிங் ஆகிறது, என்எஸ்லுக்கப் இல்லை என்கிறது

வீட்டு வைஃபையில் ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டளைத் திரையைத் திறந்து ராஸ்ப்பெர்ரிபை.லோக்கல் என்ற பெயருக்குப் பிங் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் பதில் டக்கென்று வருகிறது. அதே பெயரை, பெயருக்கு முகவரி தேடித் தரும் என்எஸ்லுக்கப் கட்டளையிடம் கேட்டால், அப்படி ஒரு பெயரே கிடையாது என்று கைவிரிக்கிறது. பலரும் இந்தக் கட்டத்தில் ரவுட்டரை அணைத்துப் போட ஆரம்பித்துவிடுவார்கள். தேவையே இல்லை. பிங், என்எஸ்லுக்கப் இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டும் கேட்ட இடம் வேறு.

நெட்வொர்க்கில் எது எங்கே போய்ச் சேர்வதற்கும் ஐபி முகவரி என்ற எண் வேண்டும். பெயர் நம் வசதிக்காக. பெயரைக் கொடுத்தால் முகவரியைக் கண்டுபிடிப்பது இயங்குதளத்தின் வேலை. அது ஒரே இடத்தில் கேட்டு நிறுத்துவதில்லை; தன்னிடம் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பு (பெயர்களும் முகவரிகளும் எழுதிய பட்டியல்), ஏற்கெனவே கேட்டு நினைவில் வைத்திருப்பது, அக்கம்பக்கத்துக் கருவிகள், பெயர்களுக்கு முகவரி சொல்வதையே வேலையாகக் கொண்ட டிஎன்எஸ் சர்வர் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. பிங், பிரவுசர் போன்றவை இந்த முழு வரிசையையும் பயன்படுத்துகின்றன. விண்டோஸில் என்எஸ்லுக்கப் இதையெல்லாம் தாண்டி நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய் நிற்கிறது. வீட்டில் அந்த சர்வர் பெரும்பாலும் ரவுட்டர்தான். அதற்கு ராஸ்ப்பெர்ரிபை.லோக்கல் யாரென்று தெரியாது.

வரிசையில் முன்னால் நிற்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு, டிஎன்எஸ்ஸைவிட வயதில் மூத்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்ற இடங்களில் இருந்தவர்கள் அவ்வப்போது அதைப் பிரதியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பழைய கோப்பை மட்டும் யாரும் தூக்கி எறியவில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் அது ஈடிசி கோப்புறையில் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே உள்ளே போக வேண்டும்.

இந்தக் கோப்பு சொல்வதுதான் பொதுவாக முதல் பேச்சு. அதுவே அதன் ஆபத்தும். என்றைக்கோ ஒருநாள் அதில் 192.168.1.20 என்று எழுதி வைத்திருப்பீர்கள். பிறகு ரவுட்டர் அந்தக் கருவிக்கு வேறு முகவரி கொடுத்திருக்கும். கோப்புக்கு அது தெரியாது. தவறான முகவரியைக் கொஞ்சமும் தயங்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஹோஸ்ட்ஸில் பெயர் எழுத ஆசைப்பட்டால், முதலில் ரவுட்டரில் அந்தக் கருவிக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸ்காரர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பெயரோடு டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டும், எழுதியது எதுவும் வேலை செய்யாது. டெபியன் வகை லினக்ஸில் கணினியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஹோஸ்ட்ஸில் 127.0.1.1 என்ற வரியில் பழைய பெயரையே விட்டுவிட்டால், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்டும் சூடோ ஒவ்வொரு முறையும் 'அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்' (பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை) என்று புலம்பும். அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

சரி, ஹோஸ்ட்ஸில் எதுவும் எழுதாமலேயே ராஸ்ப்பெர்ரிபை.லோக்கல் எப்படி வேலை செய்தது? லோக்கல் என்று முடியும் பெயர்களுக்கு எம்டிஎன்எஸ் என்று தனி முறை இருக்கிறது. ஆப்பிளில் இருந்த ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் குரோக்மலும் எழுதிய இதன் வரையறை 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணைய விதி ஆவணமாக வெளியானது. இதில் சர்வரே கிடையாது. தெரு முனையில் நின்று "இங்கே முருகன் யாருங்க?" என்று சத்தம் போட்டால் முருகனே வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து "நான்தான்" என்பாரே, அப்படி. கேள்வி 224.0.0.251 என்ற பலமுனை முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில் போகிறது. வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அதைக் கேட்கலாம். பெயருக்கு உரியது மட்டும் பதில் சொல்லும். ராஸ்ப்பெர்ரி பையில் இந்தப் பதிலைச் சொல்வது அவாஹி என்ற புரோகிராம்.

இந்தச் சத்தம் ரவுட்டரைத் தாண்டாது. தாண்டக் கூடாது என்றுதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். லேப்டாப் விருந்தினர் வைஃபையிலும் பை முதன்மை வைஃபையிலும் இருந்தால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. சில ரவுட்டர்களில் வைஃபை கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அமைப்பு இருக்கும். அது இயங்கினாலும் இதே கதைதான். ஒரே பெயரில் இரண்டு பை இருந்தால் பின்னால் வந்தது தானாகவே ராஸ்ப்பெர்ரிபை-2 என்று பெயரை மாற்றிக்கொள்ளும். நேற்று வரை வந்த பெயர் இன்று வேறொரு கருவிக்குப் போகிறது என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

ஆகவே பழுது பார்க்கும்போது நான் முதலில் பெயரை ஓரங்கட்டிவிடுவேன். ரவுட்டரின் பட்டியலில் கருவியின் ஐபி முகவரியைப் பார்த்து அதற்கு நேரடியாகப் பிங் கொடுக்க வேண்டும். அதற்கே பதில் இல்லை என்றால் கோளாறு பெயரில் இருக்க வாய்ப்புக் குறைவு. விண்டோஸ் கணினி என்றால் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரிக்குப் பதில் வந்தால் அப்புறம் பெயருக்குப் பிங். முதல் வரியில் அது எந்த முகவரியைக் காட்டுகிறது என்பதுதான் முக்கியம், பதில் வருகிறதா என்பது அல்ல. தவறான முகவரி என்றால் ஹோஸ்ட்ஸைத் திறங்கள். அங்கே இல்லை என்றால் பழைய நினைவை அழித்துவிடுங்கள்: விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஃப்ளஷ்டிஎன்எஸ். பிரவுசர்கள் தனியாக நினைவு வைத்திருப்பதால் அவற்றையும் மூடித் திறக்க வேண்டியிருக்கும். லினக்ஸில் கெட்என்ட் கட்டளை முழு வரிசையையும் கேட்டுச் சொல்லும். அந்த வரிசையே என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது. உபுண்டுவில் என்எஸ்லுக்கப் 127.0.0.53 என்ற உள்ளூர் முகவரியிடம் கேட்கிறது. அங்கே இருக்கும் சேவை ஹோஸ்ட்ஸையும் பார்த்துவிட்டே பதில் தருவதால், விண்டோஸில் பழகியவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள்.

முகவரி சரியாகக் கிடைத்தும் தளம் திறக்காத சிக்கல்கள் தனி. முன்பு பல நிரலாளர்கள் தங்கள் சோதனைத் தளங்களுக்கு டெவ் என்று முடியும் பெயர்களை ஹோஸ்ட்ஸில் வைத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, டெவ் என்று முடியும் எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது; அந்த இணைப்பு இல்லாத சோதனைத் தளங்கள் திறக்கவில்லை. கூகுள் அந்த விகுதியைத் தன் பெயரில் வாங்கியிருந்தது. சோதனைக்கென்றே டெஸ்ட் என்ற விகுதி 1999 முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. நம் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் அவ்வளவு சாது அல்ல. அதற்கு 127.0.0.1, ::1 என்று இரண்டு முகவரிகள். சர்வர் முதலாவதில் மட்டும் காத்திருக்க, நம் புரோகிராம் இரண்டாவதின் கதவைத் தட்டினால் இணைப்பு மறுக்கப்படும். 2021-இல் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் மென்பொருளின் 17-ஆம் பதிப்பு வந்தபோது பலர் இதில் மாட்டினார்கள். பிரவுசர் இரண்டையும் முயன்று சமாளித்துவிடுவதால் அதில் மட்டும் எல்லாம் சரியாகத் தெரியும். புரோகிராமில் லோக்கல்ஹோஸ்ட் என்பதை 127.0.0.1 என்று மாற்றிப் பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும்.